உத்திரமேரூர்ச் சுவர் முதல் அம்மாயியின் நினைவு வரை: கல்லூரியில் வரலாறு படித்த அனுபவங்கள்

காஞ்சிபுரத்திலிருந்து எழுதுபவர்:

பன்னிரண்டாம் வகுப்பில் நான் எடுத்த மதிப்பெண்ணுக்கு வணிகவியலில் இடம் கிடைக்கவில்லை. மிச்சமிருந்தது இளங்கலை வரலாறுதான். சேர்க்கைக் கட்டணம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது பெரியப்பா, "ராஜா கதையைப் படித்துவிட்டு எந்த ஆபீசில் போய் உட்காரப் போகிறாய்?" என்று கேட்டார். அவர் அக்கறையோடுதான் கேட்டார். எனக்குத்தான் அப்போது பதில் தெரியவில்லை. முதல் ஆண்டு முழுவதும் அந்தக் கேள்வி என்னோடேயே இருந்தது. போர்களுக்குக் காரணங்களையும் விளைவுகளையும் வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கினோம், தேர்வு முடிந்த மறுநாளே மறந்தோம்.

இரண்டாம் ஆண்டில் தமிழக வரலாறு நடத்திய பேராசிரியர் எங்களை உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். பேருந்தில் ஏறியதும் ஆளுக்கொரு தாளைக் கொடுத்து, குடவோலை முறையைப் பற்றித் தெரிந்ததை எழுதச் சொன்னார். ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே எழுதினோம்: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் மண்ணில் மக்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று. அவர் தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை.

சுவர் முன் நின்றபோதுதான் கல்வெட்டு என்பது பாடநூலில் வரும் ஒரு சொல் மட்டுமல்ல என்று தெரிந்தது. தமிழ் தெரிந்த எனக்கு அந்தத் தமிழைப் படிக்க முடியவில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை; சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை; எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம்; நடுநடுவே கிரந்த எழுத்துகள். நால்வர் கொண்ட எங்கள் குழு ஒரு மணி நேரத்தில் இரண்டு வரியைத்தான் கடந்தது. "மதிரை கொண்ட கோப்பரகேசரி" என்பதைக் கூட்டிப் படித்தபோது நாங்கள் கூச்சலிட்டதைக் கேட்டுக் கோயில் பட்டர் எட்டிப் பார்த்தார்.

"இது எந்த அரசன்?" என்று பேராசிரியர் கேட்டார். பராந்தகன் என்ற பெயர் அந்த வரியில் இல்லை. சோழ அரசர்கள் ராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடிக்கொண்டவர்கள் என்பதால் பட்டத்தை மட்டும் வைத்து ஆளைச் சொல்லிவிட முடியாது; மதுரையைக் கொண்டவன் என்ற அடைமொழிதான் முதலாம் பராந்தகனைக் காட்டிக்கொடுக்கிறது. அவன் 907இல் ஆட்சிக்கு வந்ததைக் கணக்கில் கொண்டு, கல்லில் உள்ள 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளை 919, 921 என்று ஆக்குகிறார்கள். முதல் ஆண்டில் நான் உருப்போட்ட ஒவ்வோர் ஆண்டுக்குப் பின்னாலும் இப்படி ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும் என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. அதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் முதல் ஆண்டையும் விருப்பத்தோடு படித்திருப்பேன்.

மீதியை அச்சிட்ட பாடத்தின் துணையோடு படித்தோம். ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டுகளைப் போன்ற பகுதிகளாக, பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். இப்படி வந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம் என்ற ஆண்டுக் குழுவுக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். இதுவரை நாங்கள் பேருந்தில் எழுதியதோடு பொருந்தி வந்தது. அடுத்துத் தகுதிகள் வந்தன. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும், அதில் கூடுதலாகத் தேர்ந்தவருக்கு மட்டும் அரைக்கால் வேலி போதும். இது சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகத் தரப்பட்ட ஊர்; முடிவெடுத்தது அவர்களின் சபை.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, அவள் வீட்டுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் கிடையாது, "அப்படியானால் எங்கள் தாத்தா பெயரை ஓலையில் எழுதியிருக்க மாட்டார்கள், இல்லையா ஐயா?" என்று கேட்டாள். பேராசிரியர், "எழுதியிருக்க மாட்டார்கள் அம்மா. உன் பெயரையும் என் பெயரையுங்கூட எழுதியிருக்க மாட்டார்கள்" என்றார். பிறகு பையிலிருந்த தாள்களைத் திருப்பிக் கொடுத்துத் திருத்தச் சொன்னார். நான் "மக்கள்" என்பதை அடித்துவிட்டுச் "சபையார்" என்று எழுதினேன்.

அந்தக் கல்லின் மீது எனக்கு இருந்த மதிப்பு அதனால் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டுமல்ல, அவருடைய உறவினர்களையும் அது பட்டியலிட்டு விலக்குகிறது. கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியம் செய்தவரும் கூடாது என்கிறது. 919இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பை, இரண்டே ஆண்டுகளில் 35 முதல் 70 வரை என்று மாற்றியிருக்கிறார்கள். இடையில் அந்த ஊரில் ஏதோ நடந்திருக்கிறது. தீயோர் கெட்டு நல்லோர் வாழவேண்டும் என்று கல் சொல்கிறதே தவிர, என்ன நடந்தது என்று சொல்லவில்லை. நான் முதுகலையிலும் வரலாற்றையே எடுத்ததற்கு அந்த இரண்டு ஆண்டு இடைவெளிதான் காரணம். இப்போது அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். குடவோலைப் பாடம் வரும் வாரத்தில் தகுதிப் பட்டியலைக் கரும்பலகையில் முழுவதுமாக எழுதிவிட்டுத்தான் பாடநூலைத் திறக்கிறேன்.

புதுச்சேரியிலிருந்து எழுதுபவர்:

எனக்கு முதன்மைப் பாடம் பொருளியல். வரலாறு சார்புப் பாடம்தான். ஆகவே மேலே எழுதிய அண்ணனைப் போல அதில் ஊறிப் படித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு பருவம் மட்டும் மறக்கவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் சில பகுதிகளைப் படித்து அறிக்கை தரும்படி எங்கள் ஆசிரியை சொன்னார். 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்பில் கப்பல் வரவும், துணிப் பேரமும், பீரங்கி மரியாதையும், ஊர் வதந்தியும் கலந்து கிடந்தன. பொருளியல் மாணவிக்கு அது ஒரு சுரங்கம்.

1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை எழுதும் இடத்தில் பிள்ளை பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் மனைவியைக் கடுமையாகச் சாடுகிறார். நானும் அதே சினத்தோடு அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே வரி எழுதியிருந்தார்: "இந்த அம்மையாரோடு பிள்ளைக்கு முன்பே என்ன மனத்தாங்கல்?" மறுபடி முன்பக்கங்களுக்குப் போய்த் தேடியபோது, பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருக்கும் துபாஷிப் பதவியை ஒட்டி நெடுநாளாக இருந்த கசப்பை அவரே எழுதியிருப்பதைக் கண்டேன். கோயில் இடிபட்டது உண்மை. பழி முழுவதும் ஒருவர் மீது விழுவது மட்டும் தனியே நிறுத்துப் பார்க்க வேண்டிய ஒன்று. இரண்டாம் அறிக்கை முதலாவதைவிட நான்கு பக்கம் கூடுதலாக வந்தது. இப்போது ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருக்கிறேன். விண்ணப்பத்தோடு வரும் ஒவ்வோர் அறிக்கையையும், இதை எழுதியவர் யார், யாருக்குக் காட்ட எழுதினார் என்று கேட்டுக்கொண்டே படிப்பது அந்தச் சிவப்பு வரியிலிருந்து வந்த பழக்கம்.

சேலத்திலிருந்து எழுதுபவர்:

நீங்கள் இருவரும் எழுத்தில் இருப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு வாய்த்தது வாய்மொழி. இறுதியாண்டு ஆய்வேட்டுக்காக என் அம்மாயியிடம் (அம்மாவின் அம்மாவிடம்) தாது வருசப் பஞ்சத்தைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்தேன். அது அவர் கண்டதல்ல. அவருடைய பாட்டி சொல்லிக் கேட்டது. விதைச் சோளத்தை எடுத்துத் தின்றதையும், வேலை முகாமில் கல் உடைத்ததையும், ஒரு நாள் திடீரென்று படியைக் குறைத்துவிட்டதால் பலர் எழுந்து போய்விட்டதையும் சொன்னார். படி குறைந்ததை அவர் மூன்று முறை சொன்னார்.

தாது ஆண்டு என்பது 1876–77. எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்துக்குத் துறைத்தலைவரின் கடிதத்தோடு போய், பஞ்ச நிவாரணம் பற்றிய அறிக்கைகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். 1877இல் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி, வேலை செய்யும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது ஏறக்குறைய 450 கிராம், போதும் என்று குறைத்திருந்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது போதாது என்று மறுத்து எழுதியிருந்தார். படித்துக்கொண்டிருந்த இடத்திலேயே எனக்கு உடல் சிலிர்த்தது. ஆனால் என் நெறியாளர், அம்மாயி சொன்ன முகாமும் இந்த ஆணையும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பதற்கு உன்னிடம் சான்று இல்லை, "ஒத்துப்போகிறது" என்று மட்டும் எழுது என்றார். அன்று வருத்தமாக இருந்தது; அவர் சொன்னதே சரி.

ஊருக்குப் போனதும் அந்த மறுப்பின் சாரத்தை அம்மாயிக்குத் தமிழில் சொன்னேன். "நம்ம சனத்துக்குச் சோறு பத்தாதுன்னு ஒரு வெள்ளைக்காரரு எழுதுனாரா?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. விளக்கு வைத்த பின், அதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத இரண்டு பெயர்களைச் சொன்னார். முகாமிலிருந்து திரும்பும் வழியில் இறந்துபோன இரண்டு குழந்தைகளின் பெயர்கள். காப்பகத்தில் நான் பார்த்த தாள்களில் அப்படிப்பட்ட குழந்தைகள் எண்ணிக்கையாக மட்டுமே இருந்தார்கள். இரண்டு பெயர்களையும் ஏட்டில் எழுதி, சொன்னவர் யார், யாரிடமிருந்து கேட்டது, எந்த நாளில் சொன்னது என்று கீழே குறித்து, அவரிடம் படித்துக் காட்டினேன். இரண்டாவது பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தச் சொன்னார், திருத்தினேன்.