சுவிஸில் பாராகிளைடிங்: ஏணியில் நடுங்குகிறவன் மலையிலிருந்து பறக்கலாமா?

தருமபுரத்தான் கேட்டது:

வணக்கம். அக்கா குடும்பம் பேர்ணில் இருக்கிறது. விசா கிடைத்துவிட்டது, யூலைக் கடைசியில் போகிறேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தைத் தாண்டுவது இதுதான் முதல் தடவை. அத்தான் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இன்டர்லாக்கனில் பாராகிளைடிங்குக்குப் பதிந்து காசும் கட்டிவிட்டார். ஒரு புதன்கிழமைக்கு. வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பப் போகிறாராம்.

எங்கள் பக்கம் உயரம் என்றால் பனையும் தண்ணீர்த் தாங்கியும்தான். பெரியப்பா சீவல்தொழில் செய்தவர், தளைநாரைப் போட்டுக்கொண்டு நாளுக்கு எத்தனை மரம் ஏறி இறங்குவார். அந்தக் குடும்பத்தில் பிறந்த நான் ஓடு மாற்ற ஏணி வைத்தால் நாலைந்து படிக்கு மேல் முழங்கால் தந்தியடிக்கும். இரணைமடு அணைக்கட்டுக்குச் சிநேகிதர்களோடு போனாலும் கீழே எட்டிப் பார்க்க மாட்டேன். இப்படிப்பட்டவன் மலையிலிருந்து ஓடிப் பறக்கலாமா? நடுவில் பயம் பிடித்தால் இறக்கி விடுவார்களா? மேலே போய் நின்று மாட்டேன் என்றால் காசு போய்விடுமா? போன ஆட்கள் யாராவது இருந்தால் உள்ளதைச் சொல்லுங்கள். "பயப்படாதே, சும்மா போ" என்று மட்டும் எழுத வேண்டாம். அதை அத்தான் தினமும் சொல்கிறார்.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:

தம்பி, மருமகளின் சாமத்தியவீட்டுக்கு என்று போய், நானும் அதே இன்டர்லாக்கனில் பறந்தேன். எனக்கு வயது நாற்பதுக்கு மேல், தையல்கடை வைத்திருக்கிறேன், உடம்பும் கொஞ்சம் பாரம். என்னால் முடிந்தது என்பதற்காக உங்களாலும் முடியும் என்று சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உங்களுக்குப் பயம் உயரத்துக்கு மட்டும்தானா? நானும் உயரத்துக்குத்தான் பயப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு போனேன். போய்ச் சேர்ந்த மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, அண்ணா வீட்டுக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நிற்கிறேன், மலைக்குப் பின்னாலிருந்து ஒரு இரைச்சல். கிபிர் சத்தம், சண்டைக் காலத்தில் எங்கள்மேல் குண்டு போட்ட விமானத்தின் சத்தம். எனக்கு யோசிக்க நேரம் இருக்கவில்லை. கோப்பையைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே குந்திவிட்டேன், கையில் சவர்க்கார நுரையோடு. அங்கே பிறந்த மருமகள் பாணில் ஜாம் பூசிக்கொண்டு, "மாமி, என்ன தேடுறீங்கள்?" என்று கேட்கிறாள்.

பிறகு அண்ணா சொன்னார். பிரியென்ஸ் ஏரிக்கு அந்தப் பக்கம் மைரிங்கனில் சுவிஸ் விமானப்படைத் தளம் இருக்கிறது. எஃப்.ஏ.18 என்கிற போர் விமானங்கள் அங்கிருந்துதான் பயிற்சிக்கு எழும்புகின்றன. இரண்டு பக்கமும் மலை, சத்தம் பள்ளத்தாக்குக்குள் உருண்டு வரும். இதைவிட ஒரு கதையும் சொன்னார். 2014 பெப்ரவரியில் எத்தியோப்பிய விமானம் ஒன்றைக் கடத்தி ஜெனிவாவில் கொண்டுவந்து இறக்கியபோது சுவிஸ் போர் விமானம் ஒன்றும் எழும்பவில்லையாம். காரணம், அது விடியப்புறம், கந்தோர் நேரம் தொடங்கவில்லை. இத்தாலியும் பிரான்ஸும்தான் கூடப் பறந்து வந்தனவாம். 2020 கடைசியிலிருந்துதான் 24 மணி நேரமும் ஆயத்தமாக நிற்கிறார்கள். ஆனால் பயிற்சிப் பறப்பு இப்போதும் வேலை நாட்களில்தான். கந்தோர் நேரம் பார்த்துப் பறக்கிற போர் விமானம்! எங்களுக்கு வந்தவை இரவென்றும் பகலென்றும் பார்த்தனவா? சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அதனால் என் பறப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொன்னேன். அண்ணாவுக்கு விளங்கவில்லை, அண்ணிக்கு விளங்கியது.

சரி, பறந்த கதைக்கு வருகிறேன். வாகனத்தில் ஏற்றிப் பெயாட்டன்பெர்க் பக்கம் கொண்டுபோனார்கள். ஒரு புல்வெளி, சரிவாக இறங்கும். பக்கத்தில் மாடுகள் மணியோடு மேய்கின்றன. இன்டர்லாக்கன் அங்கிருந்து சுமார் 800 மீற்றர் கீழே. ஒரு பக்கம் துன் ஏரி, மற்றப் பக்கம் பிரியென்ஸ் ஏரி, எதிரே 4,158 மீற்றர் யுங்பிராவ் வெள்ளையாக நிற்கும். இதெல்லாம் வடிவுதான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை. நான் பார்த்தது தையலை.

ஹார்னஸ் என்று தோளிலும் நெஞ்சிலும் தொடையிலும் பூட்டுகிற பட்டி இருக்கிறது, பின்பக்கம் கதிரை மாதிரி. விமானி, அதாவது எனக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு என்னோடு பறக்கிறவர், அதைப் பூட்ட வரும்போது, "கொஞ்சம் பொறுங்கோ" என்று கையில் வாங்கிப் பார்த்தேன். பட்டியும் பட்டியும் சேருகிற இடத்தில் நெருக்கமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓட்டியிருக்கிறார்கள், பட்டி கறுப்பு, நூல் வேறு நிறம். எங்கேயாவது நூல் விட்டுப்போனால் உடனே கண்ணில் படட்டும் என்றுதான் அப்படித் தைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு மூட்டாக நகத்தால் நெருடிப் பார்த்தேன். பின்னால் நின்ற சீனப் பிள்ளைகள் சிரித்தார்கள், விமானி சிரிக்கவில்லை. மேலேயிருந்த கொளுவிகளையும் தானாகவே காட்டினார், இன்னொரு அவசரப் பரசூட் எங்கே இருக்கிறது என்றும் காட்டினார். அதற்குப் பிறகு பாதிப் பயம் இறங்கிவிட்டது. உங்களுக்கு எது தெரியுமோ அதை வைத்துப் பாருங்கள், தம்பி. மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர் என்றால் கொளுவியின் பூட்டைப் பாருங்கள். நான் தாலிக்கொடியை உள்ளே விட்டு ஊசி குத்திக்கொண்டேன், அது வேறு கவலை.

எழும்புவதற்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஓட வேண்டும். சேலையை விரித்த மாதிரி பின்னால் புல்லில் கிடக்கிற துணி, இரண்டு மூன்று எட்டு வைத்ததும் காற்றுப் பிடித்துத் தலைக்கு மேலே வரும். அப்போது பின்பக்கமாக இழுக்கும். எல்லாரும் அந்த இடத்தில்தான் குந்தப் பார்ப்பார்களாம். குந்தவும் கூடாது, குதிக்கவும் கூடாது. அவர் நில் என்று சொல்லும்வரை ஓட வேண்டும். நிலம் போன பிறகும் என் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன என்று மருமகள் வீடியோவில் காட்டினாள்.

மேலே போனதும் உயரப் பயம் எனக்கு வரவில்லை. ஏணியில் நிற்கும்போது ஏணியின் அடி நிலத்தில் நிற்பது தெரிகிறது, கண் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கீழே போகிறது, கால் நடுங்குகிறது. அங்கே கீழே போகிற கோடு ஒன்றும் இல்லை. இது என் அனுபவம்தான், எல்லாருக்கும் அப்படி என்று சொல்ல மாட்டேன்.

வந்தது வேறு பயம். பறந்துகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து "பீப் பீப் பீப்" என்று ஒரு சத்தம். எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. திரும்பவும் முடியாது, அவர் எனக்குப் பின்னால் இருக்கிறார். அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். அது வேரியோமீற்றர் என்று ஒரு சின்னப் பெட்டி. காற்று மேலே தூக்கினால் பீப் என்னும், தூக்குவது கூடக்கூட வேகமாக அடிக்கும், வேகமாக இறங்கினால் தடித்த குரலில் முனகும். "வேண்டாமா?" என்று கேட்டு நிறுத்திவிட்டார். பிறகு காற்று மட்டும்தான். 'வண்டு' என்று நாங்கள் சொன்ன, ஆளில்லாத வேவு விமானம் சுற்றுகிற சத்தம் இல்லாத ஆகாயத்துக்குள் நானே இருக்கிறேன். அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு வராது.

பதினைந்து இருபது நிமிடத்தில் ஊருக்கு நடுவில் ஹோஹமாட்டே என்கிற பெரிய புல்வெளியில் இறக்குவார்கள், சுற்றிவர ஆட்கள் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு இருப்பார்கள். நடுவில் இறக்க முடியாது, ஆனால் சுற்றாமல் நேராகக் கொண்டுபோய் இறக்கச் சொல்லலாம். சுழற்றிக் காட்டவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், வயிறு பிரட்டும்.

மாங்குளம் பொடியன் எழுதியது:

அக்கா எழுதியதற்கு மேலே சொல்ல ஒன்றும் இல்லை. நான் சூரிச்சில் இருக்கிறேன், பாராகிளைடிங்கும் செய்தேன், ரப்பர் கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கிற பஞ்சியும் செய்தேன். இரண்டும் ஒன்றல்ல. அத்தான் அடுத்ததாக வெர்சாஸ்கா அணைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லக்கூடும், லொகார்னோ பக்கம், 220 மீற்றர். அங்கே உங்களைக் கொண்டுபோக விமானி இல்லை. விளிம்பில் நின்று உங்கள் காலால் நீங்களே வெளியே போக வேண்டும். பிறகு ஏழு செக்கன் விழுவீர்கள். ஏணியில் நடுங்குகிறவருக்கு நடுக்கம் வருவது அந்த விளிம்பில்தான். எனக்கு வந்தது. ஒரு தரம் திரும்பி வந்து, தண்ணீர் குடித்து, பிறகுதான் போனேன். பிரஷர், கண் வருத்தம், முதுகு வருத்தம் இருந்தால் பஞ்சி பக்கமே போகாதீர்கள்.

மல்லாவி மாமா எழுதியது:

பயத்தைப் பற்றியே எல்லாரும் எழுதுகிறீர்கள். எதற்குப் பயப்பட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அதே இன்டர்லாக்கனுக்குப் பக்கத்தில் சக்ஸெட்டன் என்கிற ஓடையில் 1999 யூலை 27 அன்று கன்யனிங், அதாவது மலை இடுக்குக்குள் ஓடையோடு இறங்கிப் போகிற விளையாட்டுக்கு, போன 21 பேர் செத்தார்கள், மூன்று பேர் வழிகாட்டிகள். மேலே மலையில் இடிமழை, கீழே இடுக்குக்குள் நின்றவர்கள்மேல் வெள்ளம் வந்தது. எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவு திறந்தபோது கீழே இருந்த ஊர்களுக்கு என்ன நடந்தது என்று கண்டவர்கள்தானே. அந்த நாட்டில் இப்போது சட்டம் இருக்கிறது, 2014 முதல் கன்யனிங், ராஃப்டிங் என்கிற ஆற்றுப் படகு விளையாட்டு, பஞ்சி நடத்துகிறவர்களுக்கு அனுமதி கட்டாயம். பாராகிளைடிங்குக்கு விமானியிடம் ஆள் ஏற்றிப் பறப்பதற்கான தனி லைசென்ஸ் இருக்க வேண்டும். கேட்டால் காட்டுவார்கள், கேட்பதில் வெட்கம் இல்லை.

தெற்கிலிருந்து ஃபோன் என்று ஒரு சூட்டுக் காற்று வீசும். அதற்குப் பறப்பை நிறுத்துவார்கள். அத்தான் "இவ்வளவு தூரம் வந்தோம்" என்று வாதாடினால் அவரை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

காப்புறுதிப் பத்திரத்தையும் வாசியுங்கள். விசாவுக்காக எடுக்கிற 30,000 யூரோக் காப்புறுதியில் இப்படியான விளையாட்டுகளைச் சேர்க்காமல் விடுவது வழக்கம். கால் முறிந்தால் சுவிஸ் ஆசுபத்திரிக் கணக்கைக் கட்ட ஒரு ஏக்கர் வயல் காணாது.

தருமபுரத்தான் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பத்திரத்தைப் பார்த்தேன், மாமா சொன்னது சரி, சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அத்தானிடம் சொன்னேன், மேலதிகக் காப்புறுதி எடுத்துத் தருகிறார். மாட்டேன் என்று மேலே நின்று சொன்னால் காசு திரும்பி வராதாம், காற்றுச் சரியில்லை என்று அவர்களே நிறுத்தினால் வருமாம்.

அக்கா, நீங்கள் கேட்ட கேள்விக்கு இரண்டு நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்தேன். கிளிநொச்சிக்குப் பெரிய ஆட்கள் ஹெலியில் வந்தால் நான் வயலில் நிற்க மாட்டேன். வேப்பமரத்துக்குக் கீழே போய், ஏதோ மண்வெட்டி தேடுகிற மாதிரி நிற்பேன். அதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. புதன்கிழமையை ஞாயிறுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். ஏன் என்று அத்தான் கேட்டார், அக்கா பின்னாலிருந்து "மாத்துங்கோ" என்றா, அவ்வளவுதான்.

ஒட்டுசுட்டான் அக்கா எழுதியது:

நல்லது தம்பி. யூலைக் கடைசியில் போகிறீர்கள் என்பதால் இன்னொன்று. ஓகஸ்ட் 1 அவர்களின் தேசிய நாள், இருட்டினால் ஊருக்கு ஊர் வெடி. பக்கத்து வீட்டுக்காரர்களும் கொளுத்துவார்கள். அன்றைக்கு நேரத்துக்கே யன்னலைப் பூட்டிவிட்டு அக்காவோடு இருந்து கதையுங்கள், தனிய இருக்க வேண்டாம். சிவப்பு ஹெலி ஒன்று அடிக்கடி போகும், அது ரேகா, மலையில் விழுந்தவர்களைத் தூக்குகிறது. வேரியோமீற்றரை ஏறும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். கணுக்காலை மூடுகிற சப்பாத்துப் போடுங்கள், செருப்போடு வந்தால் ஏற்ற மாட்டார்கள். படமும் வீடியோவும் தனிக் காசு, இறங்கின பிறகுதான் சொல்வார்கள். அதை அத்தானையே கட்டச் சொல்லுங்கள்.