லுக் ரூம்: முன்வெளியா, நோக்குவெளியா?

நண்பர்களுக்கு வணக்கம். பறவைப் படம் எடுப்பவர்களுக்கான நம் கலைச்சொல் பட்டியலுக்கு நெகட்டிவ் ஸ்பேஸ் (பறவையைச் சுற்றி விடும் வெறும் இடம்), லுக் ரூம் (அது பார்க்கும் திசையில் விடும் இடம்), விஷுவல் பேலன்ஸ் ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம் அல்லவா, நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாகத் தந்து என் பதிலைச் சொல்கிறேன்.

> நெகட்டிவ் ஸ்பேஸை ‘எதிர்மறை வெளி’ என்றே வைத்துவிடலாம். லுக் ரூமும் அதற்குள் அடங்கிவிடும்.

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ‘எதிர்மறை’ என்றதும் இலக்கணம் படித்தவருக்கு ‘வாரான், செய்யான்’ நினைவுக்கு வரும், மற்றவர்களுக்கு ஏதோ கெட்டது என்று படும். பறவையைச் சுற்றி விடும் வெறும் வானமோ நீர்ப்பரப்போ கெட்டதல்ல, பல படங்களில் பாதி அழகே அதுதான். ‘வெற்றிடம்’ இயற்பியலுக்குப் போய்விட்டது. ‘சூழ்வெளி’ போதும் என்பேன்.

லுக் ரூம் வேறு சங்கதி. அது சூழ்வெளியின் ஒரு பகுதிதான், ஆனால் திசை உள்ள பகுதி. கிளையில் உட்கார்ந்து இடப்பக்கம் பார்க்கும் மீன்கொத்தியை ஃபிரேமின் இடது ஓரத்தில் வைத்துப் பாருங்கள். அலகு விளிம்பில் முட்டும், முதுகுக்குப் பின்னால் முக்கால் படம் காலியாகக் கிடக்கும். சூழ்வெளிக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் படம் நெருக்கடியாகத் தெரிகிறது. ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்தக் குறையை எப்படிச் சொல்வது?

> ‘முன்வெளி’ சின்னதாக, சொல்ல வசதியாக இருக்கிறதே?

வசதிதான். ஆனால் நிழற்படத்தில் முன், பின் என்பவை ஏற்கெனவே ஆழத்தைக் குறிக்கின்றன. முன்னணி, பின்னணி என்று பழகியவர், முன்வெளி என்றால் கேமராவுக்கும் பறவைக்கும் நடுவில் மங்கலாகத் தெரியும் புல் என்றுதான் நினைப்பார்.

அப்புறம், எதற்கு முன்? உடலுக்கா, அலகுக்கா? ஆந்தை உடலை அசைக்காமல் தலையை மட்டும் 270 பாகை வரை திருப்பும். மார்பு வலப்பக்கமும் முகம் இடப்பக்கமும் இருந்தால், இடம் விட வேண்டியது முகத்தின் பக்கம். கருப்பு வெள்ளை மீன்கொத்தி இன்னும் தெளிவான சாட்சி. நீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்தபடி நிற்கும், அலகு கிட்டத்தட்ட நேர் கீழே பார்க்கும். அதற்கு இடம் கீழேதான் வேண்டும். பலரும் ‘அங்கே ஒன்றுமில்லையே’ என்று அதைத்தான் முதலில் க்ராப் செய்கிறார்கள். செய்ததும் பறவை எதைத் தேடுகிறது என்பதே படத்திலிருந்து போய்விடுகிறது. கீழே இருப்பதை ‘முன்வெளி’ என்று எப்படிச் சொல்ல?

ஆகவே என் வாக்கு ‘நோக்குவெளி’க்கு. தொலைநோக்கி, நுண்ணோக்கி, பறவை நோக்குதல் என்று அந்த வேர் நமக்குப் பழகியதுதான். நோக்குவது பறவையா நாமா என்று ஒருவர் கேட்கக்கூடும், விளக்க வரியில் தீர்த்துவிடலாம். ‘கண்ணோட்டவெளி’ மட்டும் வேண்டாம். கண்ணோட்டம் குறளில் தாட்சணியம், இன்று அபிப்பிராயம். மூன்றாவது பொருளைத் தாங்காது.

> விஷுவல் பேலன்ஸுக்குச் ‘சமச்சீர்’?

கூடாது. சமச்சீர் கணக்கில் உள்ள சொல், இரு பாதியும் ஒன்றுபோல் இருப்பது. பறவையை ஓரமாக வைத்தும் படம் சாயாமல் நிற்பதைத்தான் நாம் சொல்ல வருகிறோம். அது தராசு அல்ல, நெம்புகோல். நடுவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய உடலை, எதிர் மூலையில் இருக்கும் ஒரு சின்னத் தும்பி ஈடுகட்டிவிடும். பறவை அந்தத் தும்பியையே பார்த்தால் இன்னும் பலமாக ஈடுகட்டும், ஏனென்றால் பார்க்கிறவர் கண்ணும் அங்கே போய்விடும். ‘காட்சிச் சமநிலை’ என்று வைக்கலாம். ஆந்தை நம்மை நேராகப் பார்க்கும்போது மட்டும் நடுவில் வைத்தாலும் நன்றாக இருக்கும், அங்கே சமச்சீரும் சமநிலையும் சேர்ந்து வருகின்றன. குழப்பம் அங்கிருந்துதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஒரு ஆட்சேபத்தை நானே எழுப்புகிறேன். ஆண் அரசவால் ஈப்பிடிப்பானின் வால் நாடாக்கள் உடலைவிட நீளமாகக்கூட வளரும். நோக்குவெளி விடுகிறேன் என்று வாலை வெட்டினால் படம் பாழ். அதற்கு ‘வால்வெளி’ என்று தனிச்சொல் கேட்க மாட்டேன், பயப்படாதீர்கள்! வால் முழுக்க உள்ளே வர வேண்டும், மிச்சத்தில் கூடியவரை அலகுப் பக்கம் தர வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியலுக்கு இப்படி எழுதலாமா? நோக்குவெளி: படத்தில் உள்ள உயிர் பார்க்கும் திசையில், அதன் முகத்துக்கும் சட்டக விளிம்புக்கும் இடையே விடப்படும் இடம். ‘மூன்றில் இரண்டு பங்கு’ என்று அளவு எதையும் சேர்க்க வேண்டாம். தன் இறகையே கோதிக்கொண்டிருக்கும் கொக்கின் பார்வை தன் உடலிலேயே முடிகிறது. அதற்கு எந்தப் பக்கம் இரண்டு பங்கு விடுவது?