ஐப்பசியில் கிண்டிப் பக்கம் எங்கே சுற்றலாம்?

கேள்வி: மதுரைக்காரன், கிண்டி பொறியியல் கல்லூரியில் முதலாண்டு. ஞாயிறு விடுதியில் அடைந்து கிடக்க முடியலை. கையில் இருநூறு ரூபாய். மழை பிடிக்கிறதுக்குள்ள எங்கே போகலாம்?

பதில்: தம்பி, உங்க கல்லூரியே 1794-ல் தொடங்கினது. அந்தச் சிவப்புக் கட்டடத்தை ஒரு நாள் நின்னு பாருங்க. நான் அங்கே படிச்ச நாலு வருஷமும் அதைத் தாண்டி கேன்டீனுக்குத்தான் ஓடினேன்! அப்புறம் பிரம்மஞான சபை வளாகத்துக்குள்ள இருக்கிற அடையாறு ஆலமரம். 1989 புயலில் நடுமரம் சாய்ஞ்சிடுச்சு, விழுதுகள்தான் இன்னும் நிக்குது. தூறல் விட்ட காலையில் அந்த மண்வாசனைக்கே போகலாம். ஞாயிறு விடமாட்டாங்க, சனிக்கிழமை பாருங்க.

பதில்: கிண்டி பாம்புப் பண்ணை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கு. செவ்வாய் லீவு.

கேட்டவர்: நன்றிண்ணா. குடை வாங்கினேன், மிச்சம் நாற்பது ரூபாய்.