பிரிவதா, இருப்பதா: அந்தச் சீட்டு கையில் வந்தபோது

பழைய வண்ணை:

ஞாயிற்றுக்கிழமை படிப்பகத்தில் ஒரு மாதிரி வாக்கெடுப்பு நடந்தது. அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கிற பசங்களுக்காக; பொருள் பிரெக்சிட், அதாவது ஐக்கிய முடியரசு (பிரிட்டன்) ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய கதை. சீட்டில் அச்சடித்தது: "ஐக்கிய முடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிக்க வேண்டுமா? ஆம் / இல்லை." வரிசையில் வந்த துறைமுகப் பெரியவர், வின்ச் ஓட்டி ரிட்டயர் ஆனவர், சீட்டை டியூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ரெண்டு தரம் படித்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "இல்லைன்னு குத்துனா எங்க போறாங்க?"

மேசையில் இருந்த நாலு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததோடு சரி.

சீட்டிலேயே கோளாறு இருந்தது. 2015-ல் லண்டன் அரசு முதலில் எழுதிய கேள்வியும் கிட்டத்தட்ட இதேதான், ஆம்-இல்லை. அங்கே தேர்தல் ஆணையம் அதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 'நீடிக்க' என்பதை மட்டும் சொன்னால் இருக்கிற நிலைக்குச் சாய்கிறது என்று செப்டம்பரில் திருத்தச் சொன்னது. 2016 ஜூன் 23 அன்று அச்சானதில் ரெண்டு பக்கமும் கேள்விக்குள்ளேயே இருந்தன: உறுப்பினராக நீடிக்க வேண்டுமா, வெளியேற வேண்டுமா. கீழே ரெண்டு முழு வாக்கியம், ரெண்டு கட்டம். ஆம் இல்லை எதுவும் கிடையாது. நாம் பழைய கேள்வியைப் போட்டுவிட்டோம்.

ஆனால் புதுக் கேள்வியைப் போட்டிருந்தாலும் பெரியவருக்குப் பதில் இருந்திருக்காது. இந்த மாதிரி ஒரு சீட்டையோ கேள்வியையோ எதிர்கொண்டவர்கள் எழுதுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

கஸ்டம்ஸ் குறுக்குச் சந்து:

பெரியவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார். வெளியே போனால் நிற்க ஐந்து இடம் இருந்தது. நார்வே மாதிரி நின்றால் ஒற்றைச் சந்தைக்குள், அதாவது ஒன்றிய நாடுகள் தடையில்லாமல் விற்று வாங்கும் பொதுச் சந்தைக்குள் இருக்கலாம். ஆனால் காசு கட்டணும், ஆட்கள் வந்து போவதைத் தடுக்க முடியாது, மீனும் விவசாயமும் வெளியே. துருக்கி மாதிரி என்றால் தொழிற்சாலைப் பொருளுக்குச் சுங்க ஒன்றியம் (உள்ளுக்குள் சுங்கவரி இல்லை, வெளியாருக்கு எல்லோரும் ஒரே வரி), ஆட்களுக்குக் கதவு மூடி. சுவிட்சர்லாந்து நூற்றுக்கு மேல் தனித்தனி ஒப்பந்தங்களில் ஓடுகிறது. கனடா மாதிரி என்றால் வரி குறையும், எல்லையில் பேப்பர் குறையாது. ஐந்தாவது, ஒப்பந்தம் ஒன்றுமே இல்லாமல் உலக வர்த்தக அமைப்பின் (டபிள்யூடிஓ) பொது விதி. இந்த ஐந்துக்கும் சேர்த்து சீட்டில் இருந்தது ஒரே கட்டம். கடைசியில் அவர்கள் போய் நின்றது கனடா பக்கம்.

இது பேப்பரில் எப்படி இறங்கியது என்று ஒரு பெட்டியை வைத்தே சொல்லலாம். 20 அடி கன்டெய்னர், உள்ளே தோல் பை, சென்னைத் துறைமுகத்திலிருந்து நெதர்லாந்தின் ரோட்டர்டாம். வெளியேறிய பிறகும் பழைய விதியே ஓடிய இடைக்காலம் முடிந்த 2020 டிசம்பர் 31 இரவு 11 மணி வரை அங்கே ஒருமுறை வரி கட்டி எடுத்து, லாரியில் ஏற்றினால் பர்மிங்காம் வரை யாரும் நிறுத்த மாட்டார்கள். 11 மணிக்குப் பிறகு அதே சரக்குக்கு ரெண்டாவது தடவை வரி வந்தது. "அவங்களுக்குள்ளதான் ஜீரோ வரி ஒப்பந்தம் இருக்கே?" என்பார்கள். இருக்கிறது, ஆனால் அது பிரிட்டனிலோ ஐரோப்பாவிலோ *உருவான* பொருளுக்கு. ரோட்டர்டாம் கிடங்கில் மூன்று மாசம் தூங்கினாலும், புது அட்டைப்பெட்டிக்கு மாற்றி லேபிள் ஒட்டினாலும், பை இந்தியப் பைதான்.

சரக்கு அனுப்புகிறவர் என்ன செய்யணும்: பில் ஆஃப் லேடிங்கில் (கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டு) இறக்கும் துறைமுகம் பிரிட்டனின் ஃபீலிக்ஸ்டோ அல்லது லண்டன் கேட்வே என்றே போடச் சொல்லுங்கள். ரோட்டர்டாம் வழியாகத்தான் போகும் என்றால் அங்கே வரி கட்டி கிளியர் செய்யாமல், வரி கட்டாத சரக்கைக் கடத்திக்கொண்டு போக விடும் டி1 ட்ரான்சிட் பேப்பரில் தாண்டணும். வாங்குபவரின் ஈஓஆர்ஐ எண் (சுங்கத்தில் வியாபாரிக்குத் தரும் பதிவு எண்) 'ஜிபி' என்று தொடங்குகிறதா பாருங்கள். 'என்எல்' (நெதர்லாந்து), 'டிஇ' (ஜெர்மனி) எண்ணை வைத்து பிரிட்டனில் இறக்குமதி செய்ய முடியாது. டிடிபி விலைக்கு (இறக்குமதி வரியையும் விற்பவரே கட்டும் விலை) ஒப்புக்கொள்ளாதீர்கள்; வரியும் 20 சதவீத வாட்டும் உங்கள் தலையில் விழும், டிஏபி (வரி வாங்குபவர் பாடு) போதும். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டுக்குப் போகும் சரக்கு என்றால் இன்னொரு கூத்து, 'எக்ஸ்ஐ' என்று தொடங்கும் எண் தனியாக வேண்டும். வட அயர்லாந்து சரக்கு விஷயத்தில் ஐரோப்பிய விதியிலேயே நிற்கிறது. ஒரே நாட்டுக்குள் சரக்கு அனுப்பவே கடல் நடுவில் பேப்பர் எல்லை. அங்கே 55.8 சதவீதம் பேர் 'இருப்போம்' என்று குத்தியவர்கள்.

காசிமேடு வார்ப்பு:

சந்துக்காரரே, கன்டெய்னர் கத நல்லாத்தான் கீது. ஆனா அங்க வோட்டுப் பேச்சுல பாதி மீனு. அத்த வுட்டுட்டீங்க.

கணக்கு இன்னான்னா, 1983-ல ஐரோப்பா நாடுங்க தங்களுக்குள்ள மீன் பங்கு பிரிச்சாங்க. 1973-லேர்ந்து 78 வரைக்கும் எவன் எவ்ளோ புடிச்சானோ அத்த வெச்சி. அந்த வருசத்துல பிரிட்டன்காரன் பெரிய போட்டெல்லாம் ஐஸ்லாந்து பக்கம் ஓடினு இருந்துது, ஊட்டு வாசல்ல புடிக்கல. அதனால இங்கிலீஷ் கால்வாயோட கிழக்குப் பக்கத்துல காட் மீன் நூத்துக்கு பிரான்ஸுக்கு 84 பங்கு, இவனுக்கு 9. நம்ம வாசல்ல எவனோ வலைய வுட்டா எப்பிடி இருக்கும்? வயித்தெரிச்சல்ல நாயம் இருந்துது.

ஆனா அப்பாலிக்கா இன்னா ஆச்சு? 2020 டிசம்பர் ஒப்பந்தத்துல, ஐரோப்பாக்காரன் அங்க புடிக்கிறதுல மதிப்புக்கு 25 சதவீதம் அஞ்சரை வருசத்துல கொஞ்சம் கொஞ்சமா இவன் கைக்கு வர்ற மாதிரி எழுதுனாங்க. ஐரோப்பாக்காரன் போட்டு அங்க வந்து புடிக்கிறதுக்கு 2026 ஜூன் வரைக்கும் கெடு. கெடு முடியறதுக்கு முன்னாடியே, 2025 மே மாசம் 2038 வரைக்கும் நீட்டிட்டாங்க. புடிச்ச மீன விக்கப் போனா ஒவ்வொரு லோடுக்கும் எங்க, எப்பிடி புடிச்சதுன்னு சொல்ற கேட்ச் சர்டிபிகேட், வெட்னரி டாக்டர் கையெழுத்து போட்ட ஹெல்த் சர்டிபிகேட். நம்மூர் எறா கம்பெனிக்கு இது 2010 ஜனவரிலேர்ந்தே பழக்கம். ஃப்ரோசன் எறா காத்துனு கெடக்கும். உசுரோட போற நண்டு, சிங்கி எறா காத்துனு கெடக்குமா? ஒரு தாளு தப்புன்னா லாரியோட செத்துப் போவுது. மட்டி, சிப்பில இன்னும் மோசம். கொஞ்சம் அழுக்குன்னு கணக்கான 'பி கிளாஸ்' தண்ணில எடுத்தத சுத்தம் பண்ணாம ஐரோப்பாக்குள்ள வுடமாட்டேன்னுட்டான். உள்ள இருக்கறவனுக்கு அந்தத் தடை இல்ல, வெளிய போனவனுக்கு உண்டு.

ஒழுங்காப் போனது கிரீன்லாந்துதான். மொத்த ஜனமே ஐம்பதாயிரத்துச் சொச்சம். டென்மார்க் கூட ஒட்டினு 1973-ல உள்ள போனான், 82 பிப்ரவரி 23-ல ஓட்டுப் போட்டு 53 சதவீதம் வெளிய. உடனே கதவ சாத்தல. மூணு வருசம் உக்காந்து பேசி, 'நீ எங்க கடல்ல புடிச்சிக்க, எங்க மீனுக்கு வரி போடாத'ன்னு வாங்கினு 85 பிப்ரவரி 1 தான் கெளம்புனான். அவன் கைல மீனு இருந்துது, விக்க வேற ஒண்ணும் இல்ல, பேசறது சுளுவு. லண்டன்காரன் பேங்கும் வெச்சிகீறான், காரும் வெச்சிகீறான், மீனும் வெச்சிகீறான். எத்த வுட்டு எத்த புடிப்பான்?

கொருக்குப்பேட்டை கேட்:

மீன், தோல் எல்லாம் சரி. யார் யாருக்கு வாக்கு இருந்தது என்று ஞாயிற்றுக்கிழமை ஒருத்தரும் சொல்லவில்லை. லண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியிருந்த நம்மூர் நர்ஸ் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வாக்களிக்கலாம், காமன்வெல்த் குடிமகள் என்பதால். அதே ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் வேலை பார்த்த பிரெஞ்சுக்காரருக்கு வாக்கு கிடையாது. அயர்லாந்து, மால்டா, சைப்ரஸ் தவிர மற்ற ஐரோப்பியருக்கு இல்லை. தலையெழுத்து யாருடையதோ, பேனா இன்னொருத்தர் கையில். தெரியாமல் பதிவு செய்யாதவர்கள் எத்தனை பேரோ. கடைசி நாள் ஜூன் 7. அன்று ராத்திரி பதிவுத் தளம் படுத்துவிட்டது, 9-ஆம் தேதி நள்ளிரவு வரை நீட்டித்தார்கள். வெளிநாட்டில் 15 வருஷத்துக்கு மேல் இருந்த பிரிட்டிஷ்காரருக்கும் வாக்கு இல்லை.

வெளியேறும் தரப்பு பிரச்சார பஸ்ஸில், வாரத்துக்கு ஐரோப்பாவுக்கு இவ்வளவு போகிறது என்று எழுதிய 350 மில்லியன் பவுண்டையும் பசங்கள் அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்கள், அடித்துவிடச் சொல்லுங்கள். அது தள்ளுபடிக்கு முந்தின தொகை. 1984-ல் பிரதமர் தாட்சர் வாங்கிய தள்ளுபடியைக் கழித்துக்கொண்டுதான் பணமே போகும். 2015 கணக்கில் வாரத்துக்குச் சுமார் 250 மில்லியன். அதிலும் விவசாய மானியம், ஆராய்ச்சிப் பணம் என்று ஒரு பகுதி திரும்பி வரும். புடவைக் கடையில் எம்ஆர்பியைக் காட்டி 'இவ்வளவு செலவு பண்ணேன்' என்று வீட்டில் சொல்வது போல.

பிரிவு பதினாறு:

கஸ்டம்ஸ் நண்பர் ஐந்து இடம் என்கிறார். ஐயா, இடம் எத்தனை என்பது பிறகு. எத்தனை பேர் சொன்னால் போகலாம் என்பதே முடிவாகவில்லையே? 1,74,10,742 பேர் வெளியேற, 1,61,41,241 பேர் நீடிக்க. பதிவானதில் 51.9 சதவீதம். வாக்காளர் பட்டியலை வைத்துப் பார்த்தால் 37 சதவீதத்துச் சொச்சம். குறைந்தபட்சம் இவ்வளவு என்ற விதி எதுவும் சட்டத்தில் இல்லை. அதே நாடு 1979-ல் ஸ்காட்லாந்துக்குத் தனிப் பேரவை தரலாமா என்று கேட்டபோது, மொத்த வாக்காளரில் 40 சதவீதம் 'ஆம்' சொல்ல வேண்டும் என்று விதி போட்டது. 51.6 சதவீதம் ஆதரவு வந்தும் பட்டியலில் அது 32.9 என்பதால் தள்ளுபடி. மாண்டினீக்ரோ 2006-ல் செர்பியாவை விட்டுப் பிரிய ஐரோப்பிய ஒன்றியம் 55 சதவீதம் கேட்டது. கிடைத்தது 55.5.

அடுத்த ஞாயிறு திரும்ப நடத்தினால் சில விஷயம். கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெட்டியைத் திறந்தவுடன் பிரித்து எண்ண ஆரம்பிக்காதீர்கள். முதலில் சீட்டைக் கவிழ்த்து வைத்து மொத்த எண்ணிக்கை மட்டும். கொடுத்த சீட்டு, பாழான சீட்டு, மீந்த சீட்டு மூன்றும் கணக்கோடு ஒத்துப்போகணும். அதற்குப் பிறகுதான் ரெண்டு குவியல். குவியலை 25 சீட்டுக் கட்டாகக் கட்டி, மேலே துண்டுத் தாளில் எண்ணியவர் இனிஷியல் போடட்டும். சந்தேகச் சீட்டு மூன்றாவது தட்டுக்கு. அதற்கு விதி வாக்கெடுப்புக்கு முன்பே எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும், பின்னால் எழுதினால் சண்டைதான். பிரிட்டனில் பெருக்கல் குறிக்குப் பதில் டிக் போட்டிருந்தாலும், எண்ணம் தெளிவாக இருந்தால் செல்லும். ரெண்டு கட்டத்திலும் போட்டால், வெறுமையாக விட்டால், ஆள் தெரிகிற மாதிரி பெயர் எழுதினால் செல்லாது. அப்படி நிராகரித்தது 25,359. அங்கே வித்தியாசம் பன்னிரண்டரை லட்சத்துக்கு மேல், பாதிப்பில்லை. ஆனால் கனடாவிலிருந்து பிரிவதா என்று 1995-ல் கேட்ட கியூபெக்கில் 'இல்லை' தரப்பு ஜெயித்த வித்தியாசம் 54,288. செல்லாச் சீட்டு 86,501! மூன்றாவது தட்டில் யார் உட்காருகிறார் என்பதில் கவனமாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் உட்கார்ந்தவர் பிரச்சாரமும் செய்தவர். பெயர் வேண்டாம்.

எண்ணூர் உப்பங்கழி:

சின்னம் வைத்திருந்தால் பெரியவர் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கவே மாட்டார். 1967 ஜனவரி 16, கோவா. மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாக நிற்பதா. சேர்வதற்குப் பூ, தனியாக நிற்பதற்கு இரட்டை இலை. நம்மூரில் இரட்டை இலைக்குக் கட்சி வருவதற்கு ஐந்து வருஷம் முந்தியே! இலைக்கு 1,72,191, பூவுக்கு 1,38,170. சேரணும் என்ற பக்கத்தில் நின்ற முதல்வர் பந்தோட்கர், நியாயமாக நடக்கட்டும் என்று முன்கூட்டியே பதவி விலகிய பிறகுதான் வாக்கெடுப்பு. ரெண்டு வழியிலும் போனால் எங்கே நிற்போம் என்று குத்துகிறவருக்குத் தெரிந்திருந்தது.

மின்ட் முனை:

1962 சிங்கப்பூரை விட்டுவிட்டீர்கள். மூன்று கட்டம், மூன்றுமே மலாயாவோடு இணைவதற்கு. 'வேண்டாம்' என்று கட்டமே இல்லை. வெறும் சீட்டைப் போடச் சொல்லி எதிர்த்தரப்பு பிரச்சாரம் செய்தது, நாலில் ஒரு பங்கு வெறும் சீட்டு விழுந்தது. 1965 ஆகஸ்ட் 9-ல் பிரிந்தபோது எந்தச் சீட்டும் இல்லை.

ராயபுரம் பக்கம்:

இதற்கெல்லாம் லண்டன், கியூபெக் வரை போகிறீர்கள். ராபின்சன் பூங்கா நடந்து போகிற தூரம். 1949 செப்டம்பர் 18, மழையில் கூட்டம் போட்டுத் தொடங்கிய கட்சி, திமுக, தனித் திராவிட நாடு கேட்டது. 1963-ல் அரசமைப்பின் 16-வது திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பதாக உறுதிமொழி எடுக்கணும் என்றது. அதே வருஷம் கோரிக்கை கைவிடப்பட்டது. நம் அரசமைப்பில் வெளியே போகக் கதவே கிடையாது. ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தில் பிரிவதற்கென்றே ஒரு சட்டப்பிரிவு, ஐம்பதாவது. அதுவும் 2009 டிசம்பர் 1 லிஸ்பன் ஒப்பந்தத்தோடு வந்ததுதான். கதவு இருப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: கடிதம் கொடுத்த நாளிலிருந்து ரெண்டு வருஷக் கடிகாரம், அவசரம் முழுக்கப் போகிறவருக்கு. 2017 மார்ச் 29-ல் கொடுத்தார்கள், மூன்று முறை தவணை வாங்கி 2020 ஜனவரி 31-ல் வெளியே. எங்கே போகிறோம் என்று முடிவு செய்யாமல் கடிகாரத்தை முடுக்கியதுதான் அங்கே நடந்த பெரிய தப்பு. காசிமேட்டுக்காரர் சொன்ன கிரீன்லாந்துக்கு இந்தக் கடிகாரம் இல்லை, ஒப்பந்தத்தையே திருத்திவிட்டுப் போனார்கள்.

பழைய வண்ணை:

எல்லோருக்கும் நன்றி. அடுத்த ஞாயிறு ரெண்டு சீட்டு. வெள்ளைச் சீட்டில் 2016-ன் கேள்வி, அதே வாக்கியங்கள். மஞ்சள் சீட்டில் கஸ்டம்ஸ் நண்பர் சொன்ன ஐந்து இடங்களோடு ஆறாவதாக 'உள்ளேயே இரு', பிடித்த வரிசையில் 1, 2, 3 போடணும். ரெண்டையும் தனித்தனியாக எண்ணி, வெள்ளையில் ஜெயித்தது மஞ்சளிலும் ஜெயிக்கிறதா பார்க்கலாம். மீன்காரரே, மஞ்சள் சீட்டுக்குப் பின்னால் மீனுக்கு என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், சுத்தத் தமிழ் தேவையில்லை. மூன்றாவது தட்டுக்கு இந்த முறை வெளியாள்.

பெரியவர் வருகிறேன் என்றிருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: மேசையில் பென்சில் இருக்கக்கூடாதாம். லண்டனிலும் 2016-ல் இதையேதான் சிலர் சொன்னார்கள், வீட்டிலிருந்து பேனா கொண்டு போங்கள் என்று. பென்சில் அங்கே சட்டப்படி செல்லும் என்று சொல்லிப் பார்த்தோம். "உங்க சட்டம் அழியாது தம்பி, என் கோடு அழியும்" என்றார். நீலப் பேனா ஒரு டஜன் வாங்கியாகிவிட்டது.