பொருளாதாரத் துறையில் ஆராய்ச்சி என்று என்னதான் செய்வார்கள்? மல்லிகையைத் தலைப்பாக எடுக்கலாமா?

உசிலைப் பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். எம்.ஏ. பொருளாதாரம் முடித்துவிட்டு இந்த வருஷம் பிஎச்.டி.க்கு முழு நேரமாகச் சேர்ந்திருக்கிறேன். வீட்டில் இன்னும் யாருக்கும் விளங்கவில்லை. "கெமிஸ்ட்ரின்னா லேப் இருக்கும், தாவரவியல்னா செடி இருக்கும். பொருளாதாரத்துல அஞ்சு வருஷம் எதைப் போட்டு ஆராய்ச்சி பண்ணுவீங்க?" என்று சித்தப்பா கேட்கிறார். எனக்கும் முழுசாகப் பதில் தெரியவில்லை. துறையில் கருத்தரங்கம் நடக்கிறது, புராஜெக்ட் என்கிறார்கள், சீனியர்கள் கட்டுக் கட்டாகக் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு கிராமத்துக்குப் போய் வருகிறார்கள். வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுகிறார்கள். நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் புரியவில்லை.

கைடு நல்லவர்தான், ஆனால் ஒரு மாதத்துக்குள் தலைப்போடு வா என்கிறார். சீனியர்களைக் கேட்டால் "மகளிர் சுய உதவிக் குழு எடு, சீக்கிரம் முடிஞ்சிரும்" என்கிறார்கள். எங்கள் வீட்டில் முக்கால் ஏக்கர் மல்லிகை. பூ உசிலம்பட்டிக்கும் போகும், மதுரை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கும் போகும். அதனால் "மதுரை மாவட்ட மல்லிகை விவசாயிகளின் பிரச்சினைகள், 300 மாதிரி" என்று போடலாமா என யோசிக்கிறேன். இந்த வழியில் போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கோரிப்பாளையம் ஜங்ஷன்:

முதலில் விதிமுறை. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-ல் போட்ட ஒழுங்குமுறைப்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. அதற்கு மேல் 2 வருஷம் நீட்டிப்பு வாங்கலாம், பெண்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் சலுகை உண்டு. கோர்ஸ் ஒர்க்கில் குறைந்தது 12 கிரெடிட். கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி அதில் எடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், உங்கள் ஆபீஸில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000. அதற்கான நெட் தேர்வை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், எல்லா ஆராய்ச்சிக்கும் கிராமத்துக்குப் போக வேண்டும் என்றில்லை. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வீடுவாரித் தரவு இணையத்தில் இலவசம். வேலை, கூலி பற்றிய பி.எல்.எஃப்.எஸ். கணக்கெடுப்பு 2017-18 முதல் இருக்கிறது, கடன் பற்றி 2019-ல் எடுத்த 77-ஆவது சுற்று இருக்கிறது, 2022-23 நுகர்வுச் செலவு இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்தே தீஸிஸ் எழுதியவர்கள் உண்டு. ஒன்று மட்டும் கவனம்: மதுரை மாவட்டத்தை மட்டும் தனியாக வெட்டி எடுத்தால் மிஞ்சும் வீடுகள் கொஞ்சம். அதை வைத்து மாவட்டத்துக்குக் கணக்குச் சொல்ல முடியாது. தமிழ்நாடு முழுக்க என்றால் சரி.

---

திருநகர்வாசி:

சித்தப்பாவுக்கு நான் பதில் சொல்கிறேன். ஊர்தான் லேப். நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன். மேலூர்ப் பக்கம் பெரியாறு பாசனத்தின் கடைமடை நெல்லை வைத்து பிஎச்.டி. செய்தவன். இருபது முப்பது தீஸிஸுக்காவது வைவாவில் உட்கார்ந்திருப்பேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் தலைப்பில் மல்லிகை நல்லது, "பிரச்சினைகள்" வேண்டாம், "300 மாதிரி"யை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

நம் பக்கத்துத் தீஸிஸ்களில் பாதியைப் புரட்டினால் ஒரு அத்தியாயம் மாறாமல் இருக்கும். கேரட் (Garrett) என்பவர் பெயரிலான தரவரிசை. ஆறு பிரச்சினைகளை நாமே அச்சடித்துக்கொண்டு போவோம்: விலை, ஆள் பற்றாக்குறை, மொட்டுப்புழு, தண்ணீர், போக்குவரத்து, குளிர்பதனக் கிடங்கு. விவசாயி ஒன்று இரண்டு என்று வரிசை சொல்வார். அட்டவணையைப் பார்த்து முதலிடத்துக்கு 77, ஆறாவதுக்கு 23 என்று மார்க் போடுவோம். கூட்டிச் சராசரி எடுத்தால் விலைதான் முதல் பிரச்சினை என்று வரும். இதைத்தான் மாட்டுத்தாவணி டீக்கடையில் காசில்லாமல் சொல்வார்களே! கேரட் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதில் தெரிந்த கேள்வியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைவதுதான் எரிச்சல்.

300, 384 என்ற எண்களும் அப்படித்தான். 384 என்பது பெரிய மக்கள்தொகையிலிருந்து குலுக்கல் முறையில் தனித்தனியாக ஆள் எடுத்தால், 5 சதவீதப் பிழைக்குள் ஒரு விகிதத்தைச் சொல்லப் போதுமான எண். நாம் என்ன செய்கிறோம்? நான்கு ஊரைப் பிடித்து, தெரிந்தவர் கைகாட்டும் வீடுகளுக்குப் போகிறோம். ஒரே ஊர்க்காரர்களுக்கு ஒரே கிணற்று மட்டம், ஒரே மண், பெரும்பாலும் ஒரே கடை. அங்கே 384-க்கு அந்த மவுசு கிடையாது.

சரி, என்ன செய்யலாம்? உங்களுக்கு ஒரு கொடுப்பினை இருக்கிறது, சொந்த ஊரே களம். இது இந்தப் பாடத்தில் பழைய வழக்கம்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1915-ல் இந்தியப் பொருளாதாரத்துக்கு முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், லீவுக்குப் போகும் மாணவர்களிடம் கேள்வித்தாளைக் கொடுத்து அவரவர் ஊரைப் பற்றி எழுதிவரச் சொன்னார். 1918-ல் அது புத்தகமாக வந்தது. அதில் ஒரு ஊர் நமக்குப் பக்கம்தான், அன்றைய ராமநாதபுரம் ஜில்லா வடமலாபுரம். 1930-களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி எடுத்தார்கள். 1980-களில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் திரும்பவும் போனது. நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, கூலி நெல்லாக இருந்தது எப்போது காசாக மாறியது என்றெல்லாம் தலைமுறை தலைமுறையாகப் பார்க்க முடிகிறது. ஒரு தடவை போய்ப் படம் எடுத்துவந்தால் இது கிடைக்காது. ஆகவே முதல் வேலையாக, தீஸிஸ்களை இணையத்தில் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்காவிலும் பல்கலைக்கழக நூலகத்திலும் மல்லிகை பற்றிய பழைய தீஸிஸ் தேடுங்கள். உங்கள் ஒன்றியத்தில் யாராவது ஏற்கெனவே கணக்கெடுத்திருந்தால் அந்த ஊருக்கே போங்கள்.

இரண்டாவது, சிட்டை, அதாவது கமிஷன் கடைச் சீட்டு. பூ விவசாயியிடம் "வருஷ வருமானம் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். மேலே பார்ப்பார், ஏதோ ஒன்று சொல்வார், நாம் எழுதிக்கொள்வோம். அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பூவுக்கு வருஷக் கணக்கே கிடையாது, தினக் கணக்குதான். ஆனால் கமிஷன் கடையில் தருகிற துண்டுச் சீட்டை மஞ்சப்பையில் போட்டு ஆணியில் மாட்டி வைத்திருப்பார். தேதி, எடை, விலை, கமிஷன், முன்பணத்தில் கழித்தது எல்லாம் அதில் இருக்கும். அதுதான் உங்கள் தரவு.

அதை வைத்துச் சராசரி விலை போடும்போதுகூட நிதானம் வேண்டும். ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம்: தை மாதம் பனியில் அரைக் கிலோதான் பறித்தார், கிலோ 3,000. சித்திரையில் 20 கிலோ பறித்தார், கிலோ 250. இரண்டு விலையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 1,625 வரும். பேப்பரில் மல்லிகை விலை உச்சம் என்று படித்துவிட்டு விவசாயி கோடீஸ்வரன் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அவர் கையில் வந்தது 1,500-ம் 5,000-ம், மொத்தம் 6,500. இருபதரைக் கிலோவுக்கு வகுத்தால் கிலோ சுமார் 317. விலை இருக்கிற நாளில் பூ இல்லை, பூ இருக்கிற நாளில் விலை இல்லை.

மூன்றாவதுதான் எனக்கு ஆசையான கேள்வி. நான் சின்ன வயசாக இருந்தால் நானே இறங்கிவிடுவேன். கமிஷன் கடைக்காரர் முன்பணம் தருகிறார், வட்டி கேட்பதில்லை, பூவை மட்டும் என் கடைக்கே போடு என்கிறார். அப்படியானால் வட்டி எங்கே இருக்கிறது? விலையில் இருக்கிறதா, எடையில் இருக்கிறதா, இல்லை நிஜமாகவே வட்டி இல்லையா? கடனும் விற்பனையும் இப்படி ஒன்றுக்குள் ஒன்று பிணைந்து கிடப்பதைப் பற்றிப் பொருளாதாரத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். அமித் பாதுரி 1973-ல் மேற்கு வங்கக் குத்தகை விவசாயிகளை வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து ஆரம்பியுங்கள். பிறகு ஒரே நாளில், முன்பணம் வாங்கியவர் சிட்டையில் என்ன விலை, வாங்காதவர் சிட்டையில் என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பதில் எனக்குத் தெரியாது, உங்கள் கைடுக்கும் தெரியாது. வைவாவில் அப்படி ஒரு கேள்வி வந்தால் எக்ஸாமினர் நிமிர்ந்து உட்காருவார்.

செலவுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்திய அரசின் விலை ஆணையம் மூன்று விதமாகப் போடும். கையைவிட்டுப் போன செலவு மட்டும் என்றால் ஏ-2. அதோடு வீட்டு ஆட்களின் உழைப்புக்குக் கூலி மதிப்பும் சேர்த்தால் ஏ-2 கூட்டல் எஃப்.எல். சொந்த நிலத்துக்கு வாடகை, சொந்த முதலுக்கு வட்டி எல்லாம் சேர்த்தால் சி-2. மல்லிகைக்கு ஆதார விலை கிடையாது, ஆனால் முறை பொருந்தும். விடியும் முன்னால் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு உங்கள் அம்மா பறிக்கிற பூ ஏ-2-வில் சல்லிக்காசு செலவு இல்லாமல் வந்த பூ. வெளியாளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி தருகிறீர்களே, அதே கணக்கை அம்மாவுக்கும் போட்டுப் பாருங்கள். லாபம் என்று நினைத்த பல மாதங்கள் கரைந்துபோகும்.

---

உசிலைப் பொண்ணு:

சார், ரொம்ப நன்றி. படித்துவிட்டு அப்பாவிடம் சிட்டை கேட்டேன். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி பீரோ மேலே வைத்திருக்கிறார், நடுவில் சில மாதம் காணோம். சிலதில் மை மங்கிவிட்டது. "இதையா படிக்கப் போற?" என்று சிரிக்கிறார். நாங்களும் முன்பணம் வாங்கியவர்கள்தான், அதனால் எங்கள் கடைக்காரரிடம் இதைப் பற்றிப் பேசக் கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது. சொந்த வீட்டுக் கணக்கையே தீஸிஸில் போடலாமா?

---

பூக்கடைக் கணக்கப்பிள்ளை:

சம்பந்தமில்லாமல் நுழைகிறேன். பூ மார்க்கெட்டில் கணக்கு எழுதுபவன், பி.காம். சாருடைய கேள்வி நியாயமானது. ஆனால் ஒரே நாள் விலையை மட்டும் ஒப்பிட்டால் எங்களைத் தப்பாகப் பிடித்துவிடுவீர்கள். காலை ஐந்து மணி விலை எட்டு மணிக்கு நிற்காது. சரக்கு குவிந்தால் இறங்கும், வெளியூர் ஆர்டர் வந்தால் ஏறும். முதல் பஸ்ஸில் வந்த மொட்டுக்கும், வெயில் ஏறி வாய் விரிந்து வந்த பூவுக்கும் ஒரே விலை போட முடியுமா? நனைத்த சாக்கில் வந்தால் தண்ணீர் எடை வேறு கழிக்க வேண்டும். முன்பணக்காரர் தூரத்து ஊரிலிருந்து தாமதமாக வருபவராக இருந்தால், குறைந்த விலைக்குக் காரணம் கடன் அல்ல, பஸ்தான்.

எங்கள் பேரேட்டை எந்த முதலாளியும் காட்ட மாட்டார், கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். சிட்டை விவசாயியுடையது, அதற்கு எங்களிடம் அனுமதி வேண்டாம்.

---

திருநகர்வாசி:

கணக்கப்பிள்ளை தம்பி, இந்த ஒரு பத்திக்கே உங்களுக்கு டாக்டரல் கமிட்டியில் நாற்காலி போடலாம். நேரம், தரம், ஊர் தூரம் இந்த மூன்றையும் கட்டுப்படுத்தாமல் முன்பணத்தின் மேல் பழி போடக் கூடாது. சிட்டையில் மணி இருக்காது என்பதால், இனிமேல் ஒரு சீசனுக்காவது சில வீடுகளில் நோட்டு கொடுத்து, எந்த பஸ்ஸில் பூ போனது என்று எழுதச் சொல்ல வேண்டும். உங்களைப் போன்றவர்கள் சொல்லாமல் இது எந்தப் பாடப்புத்தகத்திலும் வராது.

அம்மா, உங்கள் வீட்டுக் கணக்கை மாதிரியில் சேர்க்காதீர்கள். கேள்வித்தாளைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வீடுகளில் பேரை எடுத்துவிட்டு எண் கொடுங்கள், கடையின் பேரும் எங்கேயும் வரக் கூடாது. உங்கள் கடைக்காரரிடம் படிக்கப் பூ விலை எழுதுகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாளைக்கு வேறு யாரோ சொல்லித் தெரிந்தால் அப்பாவுக்குத்தான் சங்கடம். காணாமல் போன மாதங்களைச் சராசரி போட்டு நிரப்பாதீர்கள், காலியாகவே விடுங்கள். மை மங்கிய சீட்டுகளை இன்றைக்கே பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துவிடுங்கள்.

---

பூக்கடைக் கணக்கப்பிள்ளை:

இன்னொன்று. நோட்டில் முகூர்த்த நாளுக்கு ஒரு தனிக் கட்டம் போடச் சொல்லுங்கள், முகூர்த்தத்துக்கு முந்தின நாளையும் சேர்த்து. விலை ஏறுவது பெரும்பாலும் அன்றைக்குத்தான். ஆடி, மார்கழியை மற்ற மாதங்களோடு கலக்காதீர்கள்.

---

உசிலைப் பொண்ணு:

அண்ணே, வெள்ளிக்கிழமைக்கும் கட்டம் போடவா?

---

பூக்கடைக் கணக்கப்பிள்ளை:

போடுங்க. செவ்வாய்க்கும் போடுங்க.