மறு: ‘நிதியளிக்கப்பட்ட உமிழ்வு’ – நாம என்ன புகைக்கா லோன் கொடுத்தோம்?

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வங்கி பணம் போன இடத்துல வர்ற உமிழ்வ இங்கிலீஷ்ல ‘ஃபைனான்ஸ்டு எமிஷன்ஸ்’ம்பாங்க, அதுக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு ஓடற இந்த இழைய ரெண்டு வாரமா படிச்சுட்டு மட்டும்தான் இருந்தேன், நேத்து ராத்திரி வந்த மடல பாத்ததும் கை சும்மா இருக்கல. வங்கில கடன் பிரிவுல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டுனவன், அதுல பாதி நாமக்கல் பக்கம் லாரி லோன், அதனால கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கங்க.

> ‘நிதியளிக்கப்பட்ட உமிழ்வு’ என்று ஏற்கெனவே சில இடங்களில் புழங்குகிறது. அதையே வைத்துக்கொண்டால் என்ன?

ஐயா, புழங்குதுன்னா எங்க புழங்குது? மிஷின் மொழிபெயர்ப்புல வருது, அத காப்பி அடிச்ச ரெண்டு மூணு கட்டுரைல வருது. ஒரு பிராஞ்ச் மேனேஜர் கிட்ட ‘உங்க கிளையோட நிதியளிக்கப்பட்ட உமிழ்வு எவ்வளவு’ன்னு கேட்டுப் பாருங்க, ‘உமிழ்வுக்கெல்லாம் நாங்க நிதி அளிக்கிறதில்லைங்க’ன்னுதான் சொல்லுவாரு. அவரு சொல்றதும் சரிதானே. நாம லாரிக்கு லோன் கொடுத்தோம், சாயப்பட்டறை பாய்லருக்கு கொடுத்தோம், புகை கூடவே வந்துச்சு. புகைக்குன்னு யாரும் அப்ளிகேஷன் போடல.

‘நிதியளித்த உமிழ்வு’ அதவிட மோசம். தமிழ்ல ‘நிதியளித்த வங்கி’ன்னா நிதி கொடுத்த வங்கி. அதே அச்சுல ‘நிதியளித்த உமிழ்வு’ன்னா? உமிழ்வு யாருக்கோ பணம் கொடுத்த மாதிரி ஆயிடுது. பெயரெச்சத்துல இந்த வம்பு எப்பவும் உண்டு, செஞ்சவனா செய்யப்பட்டதான்னு இடம் பாத்துதான் புரிஞ்சுக்கணும், கலைச்சொல்லுக்கு அந்த சந்தேகம் ஆகாது.

முதல்ல விஷயத்த ஒருதரம் சொல்லிடறேன், இழைல புதுசா சேந்தவங்க ரெண்டு மூணு பேர் தனி மடல்ல கேட்டாங்க. ஒரு வங்கி தன்னோட பசுமை இல்ல வாயுக் கணக்க எழுதும்போது ஸ்கோப் 1-ன்னா ஜெனரேட்டருக்கு ஊத்தின டீசல், ஆபீஸ் ஜீப்பு, இந்த மாதிரி. ஸ்கோப் 2-ன்னா ஈபி பில். இத மட்டும் எழுதுனா எந்த வங்கியும் துறவி மாதிரிதான் தெரியும். ஆனா வங்கியோட பணம் எங்கெல்லாம் போயி எரியுதோ அது ஸ்கோப் 3-ல 15-ஆவது வகைல, முதலீடுகள்ங்கிற தலைப்புல ஒளிஞ்சிருக்கு. கம்பெனிகள்கிட்ட சுற்றுச்சூழல் தகவல் கேட்டு வாங்கற சிடிபி அமைப்பு 2021-ல ஒரு கணக்கு வெளியிட்டுச்சு, அவங்களுக்கு தகவல் கொடுத்த நிதி நிறுவனங்கள்ல இந்த வகை உமிழ்வு சொந்த உமிழ்வ விட சராசரியா 700 மடங்குக்கு மேலன்னு. ஜெனரேட்டர மாத்தி சோலார் போட்டோம்னு ஃபோட்டோ போடறவங்க இந்த 700-அ பக்கத்துலயே வச்சுக்கிட்டு போடணும்.

நம்ம நாமக்கல் கணக்குலயே சொல்றேன், எண்ணெல்லாம் சும்மா உதாரணத்துக்கு. 40 லட்ச ரூபா லாரி. வருஷக் கடைசில லோன் பாக்கி 20 லட்சம். லாரி வருஷத்துக்கு 80,000 கிலோமீட்டர் ஓடுது, லிட்டருக்கு 4 கிலோமீட்டர்னு வச்சா 20,000 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிஞ்சா சுமாரா 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, ஆக 54 டன். வண்டி வாங்குனப்ப இருந்த விலைல பாக்கிக் கடன் பாதி, அதனால புகைலயும் பாதி, 27 டன், வங்கி கணக்குல ஏறும். பிசிஏஎஃப்-ங்கிற கூட்டமைப்பு போட்ட வழி இது, 2015-ல நெதர்லாந்து வங்கிகள் ஆரம்பிச்சது. எங்க கிளை ஜெனரேட்டர் வருஷத்துக்கு 500 லிட்டர் குடிச்சிருந்தாலும் ஒன்னே கால் டன்னுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான். ஒரே ஒரு லாரி இருபது ஜெனரேட்டருக்கு சமம், எங்க கிட்ட லாரி நூத்துக் கணக்குல இருந்துச்சு.

இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. ஓனர் ட்யூ கட்ட கட்ட புகையும் குறையும்! பாக்கி 10 லட்சமா இறங்குனா வங்கி பங்கு 13.5 டன். லாரி அதே லாரிதான், அதே ரோடுதான், அதே டிரைவர்தான். இந்த இடத்த புரிஞ்சுக்கிட்டாதான் சொல்ல எப்படி அமைக்கணும்னு தெரியும். இது வங்கி உமிழ்ந்ததில்ல, வங்கி வாங்கிக்கிட்டதும் இல்ல, கடன் இருக்கிற வரைக்கும் ஒரு உறவு, கடன் தீந்தா உறவும் தீந்துச்சு.

அதனாலதான் நான் போன மாசம் ‘கடன்வழி உமிழ்வு’ன்னு சொன்னேன். தாய்வழி, தந்தைவழின்னு நமக்கு சொல்லித்தர வேண்டியதில்ல, தாய்வழிச் சொத்துன்னா அம்மா மூலமா வந்த சொத்து, தாய்வழி மாமான்னா அந்தப் பக்கத்து சொந்தம். அதே மாதிரி கடன் மூலமா நம்மகிட்ட சொந்தம்னு வந்து நிக்கிற புகை. செயப்பாட்டுவினையும் வேணாம், பெயரெச்சமும் வேணாம்.

> கடன்புகை என்றே சொல்லிவிடலாமே, நறுக்கென்று இருக்கிறது.

தம்பி, நல்லாத்தான் இருக்கு, பத்திரிகைத் தலைப்புக்கு நானே எடுத்துக்குவேன். ஆனா நெல்லு வயல்ல இருந்து மீத்தேன் வருது, மாட்டு வயித்துல இருந்து வருது, அதுல புகை ஏது? பயிர்க்கடன், கறவை மாட்டு லோன் கொடுத்த வங்கி ‘எங்க கணக்குல புகையே இல்ல’ன்னு தப்பிச்சுக்கும். உமிழ்வுன்னா துப்பற ஞாபகம் வருதுன்னு அண்ணன் ஒருத்தர் வருத்தப்பட்டாரு, ஆனா அது பாடப்புத்தகம் வரைக்கும் போயி உக்காந்துடுச்சு, இனி அத எழுப்ப வேணாம்.

> பொறுப்பு என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். ‘பொறுப்புடை உமிழ்வு’ என்பது என் பரிந்துரை.

அக்கா, உங்க கோவம் நியாயமானது, ஆனா இங்கதான் நான் ஒத்துக்க மாட்டேன். இந்த எண்ண கேக்கறவங்க ரெண்டு கட்சி, ரெண்டும் அறிக்கைக்கு தரநிலை போடற அமைப்புகள். ஜிஆர்ஐ 1997-ல பாஸ்டன்ல பிறந்தது, அது கேக்கறது ‘வங்கியால ஊருக்கு என்ன ஆச்சு’. ஐஎஸ்எஸ்பி-ய 2021 நவம்பர்ல கிளாஸ்கோ காலநிலை மாநாட்டுல அறிவிச்சாங்க, 2023 ஜூன் 26 அன்னிக்கு ஐஎஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2-ன்னு ரெண்டு தரநிலை வெளியிட்டாங்க, அது கேக்கறது ‘ஊருல நடக்கறதால வங்கில முதலீடு போட்டவனுக்கு என்ன ஆகும்’. முத கட்சிக்கு அந்த 27 டன் ஒரு பழி. ரெண்டாவது கட்சிக்கு அது ஒரு அபாயம், நாளைக்கு கார்பன் வரி வந்து டீசல் லாரிய ஓட்ட முடியாம போச்சுன்னா ட்யூ நின்னுடுமேங்கிற பயம். ஐரோப்பாக்காரங்க ரெண்டையும் எழுதச் சொல்றாங்க. ஒரே எண்ணு, ரெண்டு கேள்விக்கும் பதில். சொல்லுக்குள்ள நாம பழிய ஏத்திட்டா ரெண்டாவது இடத்துல பொருந்தாது. ‘வழி’ன்னா யாரையும் திட்டல, தொடர்ப மட்டும் காட்டுது. திட்டறத அறிக்கைய படிச்சுட்டு தனியா திட்டிக்கலாம், நானும் வர்றேன்.

‘பங்கு உமிழ்வு’ன்னு வந்த யோசனை கணக்குப்படி ரொம்ப சரி, ஆனா வங்கிக்காரங்க காதுல பங்குன்னா ஷேர், கதை முடிஞ்சது.

> இங்கை இலங்கையில் பட்டியலிடப்பட்ட பெரிய 100 கம்பனிகளுக்கு 2025 ஜனவரி 1 தொடக்கம் எஸ்எல்எஃப்ஆர்எஸ் எஸ்1, எஸ்2 (ஐஎஃப்ஆர்எஸ் தரநிலைகளின் இலங்கை வடிவம்) வந்திட்டுது. அதிலை வங்கிகளும் இருக்கு. எங்களுக்கு இது வெறும் விவாதம் இல்லை, நாளைக்கே தமிழிலை எழுத வேணும். கடன்வழி நல்ல சொல்தான் தம்பி, ஆனால் வங்கி கடன் மட்டுமா குடுக்குது? பங்கும் வாங்குது, பிணைமுறியும் வாங்குது. அதுகளை எங்கை போடுறது?

இதுக்குத்தான் நேத்து ராத்திரி தூக்கம் போச்சு. இலங்கை அக்கா கேட்டது ரொம்ப சரி, நான் லாரி லோன் கண்ணாடி போட்டுக்கிட்டே பாத்துட்டேன். காலநிலைக்கான எஸ்2 தரநிலைய மறுபடி எடுத்து பாத்தேன், வணிக வங்கிகள் தொழில்வாரியா, சொத்து வகைவாரியா பிரிச்சு காட்டணும்னு சொல்லுது, கடன், புராஜெக்ட் ஃபைனான்ஸ், பத்திரம், பங்கு முதலீடு, அதோட சாங்ஷன் ஆயி இன்னும் எடுக்காத லோன் வரைக்கும் வருது. எடுக்காத லோன கடன்னு கூட சொல்ல முடியாது, இன்னும் கொடுக்கவே இல்லியே. அதனால ‘கடன்வழி’ய பொதுப் பேருங்கிற இடத்துல இருந்து நானே இறக்கிடறேன். பொதுவுக்கு ‘நிதிவழி உமிழ்வு’. அதுக்கு கீழ கடன்வழி, முதலீட்டுவழி ரெண்டும் உக்காரட்டும். பிணைமுறின்னு நீங்க சொல்றத நாங்க கடன்பத்திரம்னு சொல்றோம், பத்திரம்னாலே இங்க முக்கால்வாசி பேருக்கு வீட்டுப் பத்திரம்தான், அந்தச் சண்டைய வேற இழைல வச்சுக்கலாம்.

இங்க தமிழ்நாட்டுல இருக்கறவங்க ‘நமக்கு என்ன அவசரம்’னு கேக்காதீங்க. பங்குச்சந்தைய கட்டுப்படுத்தற செபி 2022-23 நிதியாண்டுல இருந்தே சந்தை மதிப்புல முதல் 1000 கம்பெனிக்கு சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்ப சொல்ற பிஆர்எஸ்ஆர் அறிக்கைய கட்டாயமாக்கிடுச்சு, பட்டியல்ல இருக்கிற வங்கிகளும் அதுல அடக்கம். ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரி 28-ல காலநிலை சார்ந்த நிதி அபாயங்கள வெளிப்படுத்தறதுக்கு ஒரு வரைவு விட்டுச்சு, ஆளுகை, உத்தி, அபாய மேலாண்மை, அளவீடும் இலக்கும்னு நாலு தூண். காலநிலை அபாயத்த எப்படி வெளிய சொல்லணும்னு பரிந்துரைச்ச டிசிஎஃப்டி குழு 2017-ல சொன்ன அதே நாலு, ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2-லயும் அதே நாலு. பேரு மாறுது, கட்டிடம் அதேதான். அதனால ஒருதரம் நல்லா சொல் அமைச்சுட்டா எல்லா அறிக்கைக்கும் ஓடும்.

இன்னொன்னு, பிசிஏஎஃப் தரவுக்கு 1-ல இருந்து 5 வரைக்கும் மார்க் கொடுக்கும், 1 தான் ஒசத்தி. லாரிக்காரர் நிஜமா போட்ட டீசல் கணக்கு கைல இருந்தா 1 பக்கம், வண்டி என்ன மாடல்னு கூட தெரியாம சராசரி வச்சு குத்துமதிப்பா போட்டா 5 பக்கம். இத ‘தரவுத் தர மதிப்பெண்’னு ஒருத்தர் நம்ம கலைச்சொல் ஷீட்ல எழுதியிருக்காரு. மதிப்பெண்ணுன்னா நம்மூருல ஜாஸ்தி வாங்குனவன்தான் கெட்டிக்காரன், 5 வாங்குன வங்கி மிட்டாய் கொடுக்கும். நமக்குத்தான் ‘முதல் தரம்’னு சொல்லு ரெடியா இருக்கே, அரிசிக்கடைல கூட முதல் தரம்னா தெரியும். முதல் தரத் தரவு, ஐந்தாம் தரத் தரவு. மாத்திடலாமான்னு சொல்லுங்க.

‘வெளிப்பாடு’ங்கிற சொல்லையும் தயவுசெஞ்சு ஷீட்ல இருந்து எடுத்துடுங்க. அறிக்கைல விஷயத்த வெளிய சொல்றதுக்கும் அதேதான் போட்டிருக்கு, ஒரு தொழில்ல வங்கியோட பணம் எவ்வளவு மாட்டிக்கிட்டிருக்குங்கிறதுக்கும் அதேதான் போட்டிருக்கு, ரெண்டும் ஒரே வாக்கியத்துல வந்தா படிக்கிறவன் பாவம். வெளிய சொல்றது ‘வெளிப்படுத்தல்’, மாட்டிக்கிட்ட பணம் ‘இடர்ப்படு தொகை’. ரெண்டாவதுக்கு இதவிட நல்லது இருந்தா கொண்டாங்க, எனக்கே முழு திருப்தி இல்ல. சஸ்டெயினபிலிட்டிக்கு ‘நிலைபேறு’ன்னு இலங்கைல பல வருஷமா பள்ளிக்கூடத்துல இருந்து சொல்றாங்க, இங்க நாம நிலைத்தன்மை, நீடித்த, வளங்குன்றா, நீடுநிலைன்னு ஆளுக்கு ஒன்னா சொல்லிட்டு இருக்கோம். அவங்களுது சின்னது, கச்சிதமானது, அத எடுத்துக்கறதுல எனக்கு எந்த வெக்கமும் இல்ல.

கடைசியா ஒரு சிக்கல நான் தீக்கல, உங்ககிட்ட தள்ளி விடறேன். வங்கி தன் பணத்த போடாம, ஒரு கம்பெனி பத்திரம் வெளியிட ஏற்பாடு மட்டும் செஞ்சு கமிஷன் வாங்கும் பாருங்க, அதுக்கும் பிசிஏஎஃப் 2023 டிசம்பர்ல தனி வழிமுறை போட்டுச்சு. அதுல வங்கியோட பங்குக்கு 33 சதவீதம்தான் எடை. நம்ம ‘வழி’ குடும்பத்துல இதுக்கு என்ன பேரு? ‘ஏற்பாட்டுவழி உமிழ்வு’ன்னு மரியாதையா சொல்லலாம். எனக்கு என்னமோ ‘தரகுவழி உமிழ்வு’தான் நாக்குல வருது, நடந்தது என்னமோ அதுதானே, ஆனா முதலீட்டு வங்கிக்காரங்க யாராவது இந்தக் குழுவுல இருந்தா கோவிச்சுக்குவாங்க. கல்யாணத் தரகருக்கு புள்ளையோட சேட்டைல எத்தன பங்குன்னு கேட்டா அவரு என்ன சொல்லுவாருன்னு யோசிச்சுப் பாத்தேன், 33 சதவீதம்னு கண்டிப்பா சொல்ல மாட்டாரு.

‘நிதிவழி உமிழ்வு’க்கு யாருக்காவது ஆட்சேபம் இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க. இல்லன்னா திங்கக்கிழமை ஷீட்ல ஏத்திடறேன், தரகு சமாச்சாரத்துக்கு எதிர்ல மட்டும் கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
லாரி லோன் ஆளு