துரு எங்கே ஓடும்? நீர்மூழ்கி மாடல் செய்தவர்களின் அனுபவங்கள்

நீர்மூழ்கி மாடலில் ஒட்டிக் கட்டுவது பாதி வேலைகூட இல்லை. முடித்துவிட்டுப் பார்த்தால் கையில் இருப்பது நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாய். விமான மாடலில் கண்ணாடிக் கூண்டு, சக்கரம், இறக்கைக்கடியில் குண்டு என்று கண்ணை இழுக்க நிறைய இருக்கும். இதில் அதெல்லாம் கிடையாது. கடலில் கிடந்து அடிபட்ட இரும்பாக அதை மாற்றுவது பெயின்ட்டும் அழுக்கும்தான். அந்த அழுக்கைப் பலரும் இஷ்டத்துக்கு அப்பிவிடுகிறார்கள் என்பதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் செய்தது ரெவெல் கம்பெனியின் 1/72 அளவு டைப் 7சி, இரண்டாம் உலகப்போர் ஜெர்மன் படகு. அசல் 67.1 மீட்டர் என்பதால் மாடல் 93 சென்டிமீட்டர் வரும். வாங்குவதற்கு முன் அலமாரியை அளந்துகொள்ளுங்கள், ஒரு தட்டு முழுசாக வேண்டும். நான் தேர்ந்தெடுத்த படகு யூ-552. கோபுரத்தில் சிவப்புக் குட்டிச்சாத்தான் படம் வரைந்திருக்கும், பிரான்ஸின் செயின்ட் நசேர் துறைமுகத்தில் இருந்த 7-வது படகணியைச் சேர்ந்தது.

ஏர்பிரஷைக் கையில் எடுக்கும் முன் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். இது கடலுக்குக் கிளம்பும் படகா, திரும்பி வரும் படகா? துறைமுகத்தில் புதுசாகப் பெயின்ட் அடித்துக்கொண்டு கிளம்பிய படகு, சில வாரம் அட்லாண்டிக்கில் அடிபட்டுத் திரும்பும்போது பார்க்கச் சகிக்காது. இரண்டையும் கலந்தால்தான் மாடல் பொய்யாகத் தெரிகிறது. மேல்தளம் பளிச்சென்று புதுசு, பக்கவாட்டில் மட்டும் துரு வழிகிறது என்றால் அது எந்த ஊர்ப் படகு?

அடுத்தது, தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். ஆட்கள் இருக்கிற அழுத்தக்கூடு தடித்த எஃகு, 7சி-யில் 18.5 மில்லிமீட்டர். அதற்கு மேலே நாம் தளம் என்று பார்க்கிறதெல்லாம் மெல்லிய தகட்டில் செய்த வெளிக்கூடு. அதற்குள் தண்ணீர் புகாமல் தடுக்க எதுவும் இல்லை. மூழ்கும்போது நிரம்பும், மேலே வரும்போது பக்கவாட்டுத் துளைகள் வழியாகக் கொட்டும். தளத்தின் மரச் சட்டங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பதும் அதே காரணத்துக்குத்தான். ஆகவே உப்புத் தண்ணீர் திரும்பத் திரும்ப ஓடும் பாதை அந்தத் துளைகளின் கீழ் உதடு. துரு அங்கே பிறந்து கீழே இறங்கும். துளையே இல்லாத நடுச்சுவரில் ஒரு பெரிய துருக்கறை இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று மாடல் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் துளைகளைப் பெரும்பாலும் பள்ளமாக மட்டுமே வார்த்திருப்பார்கள். உள்பக்கம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிளாஸ்டிக்கை மெலிதாக்கிவிட்டால் கத்திமுனையில் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். சலிப்பான வேலைதான், ஆனால் அதைச் செய்யாமல் கறுப்பு மை விட்டு ஏமாற்றினால் அருகே வந்து பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். துளைகளின் அமைப்பும் எல்லாப் படகிலும் ஒன்றல்ல. எந்தக் கப்பல் கட்டும் துறையில் கட்டினார்கள் என்பதைப் பொறுத்தும் ஆண்டைப் பொறுத்தும் மாறும். குறிப்பிட்ட ஒரு படகைச் செய்கிறவர்கள் அதன் பழைய போட்டோவைத் தேடிப் பிடித்துவிட்டு அப்புறம் கத்தியை எடுக்கவும்.

நிறத்துக்கு வருவோம். மேலே வெளிர்சாம்பல், கீழே கருஞ்சாம்பல். கப்பல் என்றதும் அடிப்பாகத்துக்குச் சிவப்பு அடிக்கக் கை போகும். போர்க்காலத்து 7சி-க்கு அது பொருந்தாது. கருஞ்சாம்பலையும் டப்பாவில் இருக்கிறபடி அடிக்காமல் கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறவிடுங்கள். சின்ன மாடலில் அடர்நிறம் அசலைவிடக் கறுப்பாகத் தெரியும், அப்புறம் அதன் மேல் போடும் எந்த நிழலும் எடுபடாது.

நீர்மட்டக் கோடு போட நான் செய்தது: படகை மேசையில் மட்டமாக நிறுத்தி அசையாமல் கவ்விவிட்டேன். சரியான உயரத்துக்குப் புத்தகங்களை அடுக்கி, பென்சிலை அதன் மேல் ஒட்டி, அந்த அடுக்கைப் படகைச் சுற்றித் தள்ளிக்கொண்டே வந்தேன். ஸ்கேல் வைத்து இழுத்தால் வளைவில் கோடு ஏறி இறங்கும், இப்படி இழுத்தால் தானாக நேராக வரும்.

துருவுக்கு எனக்குப் பிடித்தது ஆயில் பெயின்ட்தான். இதற்கென்று குப்பியில் விற்கும் வெளிநாட்டுச் சரக்கு இல்லாமலே கேம்லின் ட்யூபில் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா என்ற இரண்டு பழுப்பு நிறங்களை வாங்கிக் காரியத்தை முடிக்கலாம். அட்டைத் துண்டில் கொஞ்சம் பிதுக்கி வைத்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். அட்டை எண்ணெயைக் குடித்துவிடும், நிறம் பளபளப்பில்லாமல் காயும். துளையின் கீழ் உதட்டில் ஊசிமுனை அளவு புள்ளி. டர்ப்பென்டைனில் நனைத்துத் துணியில் நன்றாக ஒற்றியெடுத்த தட்டைப் பிரஷால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. முதல் இழுப்பில் கோடு தடியாக, அசிங்கமாகத்தான் இருக்கும். பிரஷைத் துடைத்துவிட்டுக் கோட்டின் இரண்டு ஓரத்தையும் தொட்டும் தொடாமலும் இழுத்தால் நடுவில் மயிரிழை அளவு நிற்கும், கீழே போகப் போகச் சாம்பலில் கரைந்துவிடும். எல்லாத் துளைக்கும் ஒரே நீளத்தில் போடாதீர்கள். மூன்று துளை விட்டு ஒன்று, அப்புறம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, அப்புறம் ஒன்றுமில்லை. அளவையும் மனதில் வையுங்கள். 1/72-ல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பெயின்ட் பெயர்ந்தது போலக் காட்டினால் அசலில் ஏழு சென்டிமீட்டருக்கு மேல்.

பின்பக்கம் டீசல் புகை வெளியேறும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாகக் கரிப்படலம் வரும். மென்மையான பேஸ்டல் குச்சியைத் தேய்த்துத் தூளாக்கிப் பூசினால் போதும்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

*

அண்ணா, தண்ணீர் ஓடும் வழி என்று நீங்கள் சொன்னது எனக்கு விசாகப்பட்டினத்தில்தான் புரிந்தது. ஆர்.கே. கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா நிற்கிறது இல்லையா, சோவியத் கட்டிய ஃபாக்ஸ்ட்ராட் வகை. 1969-ல் கடற்படையில் சேர்ந்து 2001-ல் ஓய்வு பெற்றது. 2002-லிருந்து அருங்காட்சியகம். எல்லாரும் உள்ளே போய் டார்பிடோ குழாயைப் பார்த்துவிட்டு வந்துவிடுவார்கள். நான் வெளியே சுற்றிச்சுற்றி வந்து வடிதுளைகளைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன். காவலர் வந்து "எதுக்குப்பா ஓட்டையை மட்டும் எடுக்கிற?" என்று இந்தியில் கேட்டார்.

அங்கே பார்த்தது: மேல் மேலே அடித்த பெயின்ட் துளை ஓரங்களில் தடித்து உருண்டு நிற்கிறது. கடலைப் பார்த்த பக்கத்தில் அந்த உருளைக்கு அடியில்தான் பழுப்பு கசிகிறது, சாலைப் பக்கம் குறைவு. ஆனால் ஒரு எச்சரிக்கை. கரையில் நிற்கும் கப்பல் மழையிலும் காற்றிலும் துருப்பிடிக்கிறது, கடலில் மூழ்கி எழுந்து அல்ல. நிறமும் அருங்காட்சியகத்தார் அடித்ததுதான். வடிவத்துக்கு நம்பலாம், அழுக்குக்கு முழுசாக நம்பக்கூடாது. ஜெர்மனியில் லாபோ கடற்கரையில் நிற்கும் யூ-995-க்கும் இதே கதைதானே? மிச்சமிருக்கும் ஒரே டைப் 7 அதுதான் என்று எல்லாரும் அதன் போட்டோவையே பார்த்து நிறம் அடிக்கிறார்கள்.

நான் ஃபாக்ஸ்ட்ராட்டை 1/350-ல் செய்தேன். 91 மீட்டர் படகு 26 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். அந்த அளவில் பெயின்ட் பெயர்ப்பே வேண்டாம் என்பது என் கருத்து. ஒரு மில்லிமீட்டர் என்றால் 35 சென்டிமீட்டர், முழங்கை நீளம்! கறுப்பில் அங்கங்கே நீலமும் பழுப்பும் மெலிதாகத் தடவி நிறத்தை உடைத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

*

தம்பி, யூ-995 பற்றிச் சொன்னது சரி. அதில் இன்னொரு சங்கதியும் உண்டு. அது 7சி/41 என்ற பின்னாளைய வகை, 1943-ல் சேவைக்கு வந்தது. போருக்குப் பிறகு நார்வே கடற்படையிலும் ஓடியிருக்கிறது. 1941-ம் வருடத்துப் படகு செய்கிறவர்கள் அதன் கோபுரத்தைப் பார்த்துச் செய்தால் எல்லாமே மாறிப்போகும்.

*

வணக்கம். பினாங்கிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊருக்கும் ஜெர்மன் நீர்மூழ்கிகள் வந்திருக்கின்றன என்று சொன்னால் இங்குள்ள பிள்ளைகளே நம்பமாட்டார்கள். 1943-ல் இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பிய மான்சூன் அணிப் படகுகளுக்கு ஜப்பானியர் பிடியில் இருந்த பினாங்குதான் தளம். அந்த அணியின் யூ-168 நவம்பரில் இங்கே வந்து சேர்ந்தது. அடுத்த வருடம் அக்டோபரில் ஜாவா அருகே ஒரு டச்சு நீர்மூழ்கி அதை மூழ்கடித்துவிட்டது. உள்ளூர்ப் பாசத்தில் நான் செய்தது அதைத்தான். டைப் 9சி/40, 1/72-ல் ஒரு மீட்டரைத் தாண்டும்.

நண்பர் துருவைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார். வெப்பமண்டலக் கடலில் நீர்மட்டத்துக்குக் கீழே நடப்பது வேறு. பாசி, அதற்கும் மேல் கொட்டலசு, அதாவது அடிப்பாகத்தில் ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் பார்னக்கிள். இங்கே மீன்பிடிப் படகுகளைக் கரையேற்றும்போது போய்ப் பாருங்கள். பாசி முழு அடிப்பாகத்திலும் ஒரே பச்சையாக இருக்காது. வெயில் படும் நீர்மட்டத்தை ஒட்டிய பட்டையில்தான் பச்சை, கீழே போகப் போகப் பழுப்பும் சாம்பலும். கொட்டலசுக்கு நான் ஆப்பச் சோடாவைப் பயன்படுத்தினேன். மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) ஈரமாக இருக்கும்போதே சுக்கான் ஓரம், உந்திகளுக்கு (ப்ரொப்பெல்லர்) மேலே, அடிக்கட்டை என்று தண்ணீர் வேகம் குறைகிற இடங்களில் மட்டும் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, காய்ந்ததும் ஊதிவிட்டேன். ஒட்டியது போதும். அதன் மேல் அழுக்கு வெள்ளையை லேசாகத் தொட்டால் சொரசொரப்பு எழுந்து வரும். உந்தி இலைகளில் தூவாதீர்கள், சுழல்கிற வெண்கலத்தில் அவ்வளவு பிடிக்காது.

*

எல்லாம் சரி, ஒரு சந்தேகம். நாஜிப் படகை இவ்வளவு ஆசையாகச் செய்ய மனசு வருகிறதா சார்? சண்டைக்குக் கேட்கவில்லை.

*

நியாயமான கேள்வி. என் மனைவியும் கேட்டாள். யூ-552 தான் 1941 அக்டோபர் 31-ல் அமெரிக்காவின் ரூபன் ஜேம்ஸ் கப்பலை மூழ்கடித்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கக்கூட இல்லை. நூறு பேர் அளவில் போனார்கள். மாடலுக்குக் கீழே வைத்திருக்கும் பலகையில் படகின் பெயரோடு அந்தக் கப்பலின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், சொல்கிறேன். ஜெர்மன் பக்கமும் நீர்மூழ்கியில் போனவர்களில் முக்கால்வாசிப் பேர் திரும்பவில்லை. இதைத் தெரிந்துகொண்டு செய்வதற்கும் குட்டிச்சாத்தான் படம் அழகாக இருக்கிறது என்று செய்வதற்கும் வித்தியாசம் உண்டு என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களோடும் எனக்கு வழக்கில்லை.

*

சென்னையிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு. கோபுரத்திலிருந்து முன்னுக்கும் பின்னுக்கும் போகும் கம்பி பற்றி யாரும் எழுதவில்லையே? 7சி-யில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. ஏரியலும் அதுதான். ஸ்ப்ரூ, அதாவது மாடல் பாகங்கள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டம், அதில் ஒரு துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தால் வரும் இழையே போதும். ஆனால் தூசி தட்டும்போது அறுந்துவிடும், அதனால் நான் மெல்லிய எலாஸ்டிக் நூலுக்கு மாறிவிட்டேன். கம்பியில் குமிழ் போல இருக்கும் இன்சுலேட்டருக்கு ஊசிமுனையில் ஃபெவிகால் தொட்டு வைத்தால் தானாக உருண்டு நிற்கும். காய்ந்ததும் இன்னொரு சொட்டு, பிறகு நிறம்.

அப்புறம் மேட் வார்னிஷ். நம் ஊரில் மழைக்காலத்தில் லாக்கர் வகை அடித்தால் படகு முழுக்க வெண்புகை படிந்த மாதிரி வெளுத்துவிடும். காற்றிலுள்ள ஈரம் பெயின்ட்டோடு படிவதால் வருவது அது. பதற வேண்டாம், தேய்த்து எடுக்கவும் வேண்டாம். வெயில் ஏறிய நாளாகப் பார்த்து, மெதுவாகக் காயும் ரிடார்டர் தின்னரை மட்டும் ஏர்பிரஷில் ஊற்றி மெல்லிய பூச்சாக மேலே விட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆயில் பெயின்ட் துருக்கோடுகளுக்கு மேல் இதைச் செய்வதாக இருந்தால் அவை நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தின்னர் அவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.